கேள்வி – பதில்: “என்ன வண்டிங்க, எந்த வருசம்?”

மூன்று கை மாறிய 2011 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி வாங்கியிருக்கிறேன். கேரளப் பதிவில் இருந்து டி.என். 36-க்கு மாற்றியது. கடையில் ‘2011 ஸ்விஃப்ட்’ என்று சொல்லி முன் பிரேக் பேடு வாங்கினேன். மெக்கானிக் “உக்காரலீங்க” என்கிறார். பேடின் காதை (காடியில் உட்காரும் இரண்டு முனைகளை) அராவி மாட்டிவிடலாமா? இனிமேல் கடையில் எப்படிக் கேட்பது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

அரத்தைக் கீழே வையுங்கள். பேடு தப்பா, இருக்கும் இடம் தப்பா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

‘2011 ஸ்விஃப்ட்’ என்றால் கடைக்காரருக்கு இரண்டு வண்டிகள் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் புது உருவம் வந்தது. அதுவரை விற்றது 2005-ல் வந்த பழைய உருவம். பழைய உருவத்திலும் பெட்ரோல் எஞ்சின் 2010-ல் 1298 சி.சி.யில் இருந்து 1197-க்கு மாறியது. டீசல் 1248. எனவே ஆர்.சி.யில் சி.சி.யையும், தயாரித்த மாதம்–வருடத்தையும் பாருங்கள். பதிவு தேதியைச் சொல்லாதீர்கள். நவம்பரில் ஆலையை விட்ட வண்டி பிப்ரவரியில் பதிவாவது சாதாரணம். உங்கள் நம்பர் பிளேட்டும் உதவாது, மறுபதிவில் விழுந்த புது நம்பர் அது. பின்கதவில் இருக்கும் ‘வி.எக்ஸ்.ஐ.’ என்ற ரக எழுத்தை நம்பவே வேண்டாம். ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது சேஸிஸ் நம்பர். 17 இலக்கம், மாருதிக்கு எம்.ஏ.3 என்று தொடங்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்றோ பூஜ்யமோதான். ஆர்.சி.யில் இருப்பதை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பேர் கவுன்டரில் இந்த நம்பரைக் கொடுத்தால் பார்ட் நம்பர் எடுத்துத் தருவார்கள். பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும் என்பது அமெரிக்க வழக்கம். இங்கே எல்லாக் கம்பெனிகளும் அதைப் பின்பற்றவில்லை.

இதெல்லாம் ஆலையை விட்டபோது வண்டியில் என்ன இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. இடையில் அடிபட்ட வண்டிக்கு வேறு மாடலின் கேலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஏற்றியிருந்தால் ஆர்.சி.யில் அது வராது. சக்கரத்தைக் கழற்றித்தான் தீர வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு இருபுறமும் கல் முட்டுக்கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்குங்கள். கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேடு தெரியும். முழுதாகக் கழற்றினால் கம்பி போட்டுக் கட்டுங்கள். பிரேக் எண்ணெய் ஓஸில் தொங்கவிடக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் பிரேக்கை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இப்போது பேடு உட்காரும் காடியில் உள்ள ஸ்டெயின்லெஸ் கிளிப்பைக் கழற்றுங்கள். அதன் அடியில் துரு பொருமியிருந்தால் கிளிப் உள்ளே தள்ளப்பட்டு, சரியான பேடுகூட இறுகும். கம்பி பிரஷ்ஷால் வார்ப்பு தெரியத் தேய்த்து, புதுக் கிளிப் போட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். காதை அராவினால் பேடு ஆடும், ‘டக்’ என்று சத்தம் வரும், தேய்மானமும் கோணலாகும்.

அப்படியும் உட்காராவிட்டால் பழைய பேடையே கடைக்குக் கொண்டுபோங்கள். பின்தகட்டில் பார்ட் நம்பர் இருக்கும். அழிந்திருந்தால் நீளம், உயரம், தகட்டோடு சேர்த்த கனம் (தடிமன்) மூன்றையும் வெர்னியரில் எடுங்கள். கேலிப்பர் வார்ப்பில் உள்ள கம்பெனிப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பழைய வண்டிகளுக்கு “கிர்லிங்கா, கே.பி.எக்ஸ்.ஸா?” என்று கடையில் கேட்பது இதற்காகத்தான், ஒரே மாடலுக்கு இரண்டு கம்பெனி பிரேக்கும் வந்திருக்கும்.

டிஸ்க்கும் மாற்றுவதானால் விட்டம், கனம், மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, காற்றுக் கண் உள்ளதா என்று ஆறு விவரம் வேண்டும். கனம் அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விளிம்பில் தேயாத மேடு நிற்பதால் வெர்னியர் அதன்மேல் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். இரண்டு ஒரே மாதிரி நாணயங்களைத் தேய்ந்த பரப்பில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். டிஸ்க்கில் ‘மின்’ (MIN, குறைந்தபட்சக் கனம்) என்று பொறித்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் அதை லேத்தில் கடைய வேண்டாம், மாற்றுங்கள்.

பழைய மாருதி 800. பின் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. கடையில் “என்ன சைஸுங்க?” என்கிறார்கள். வால்பாறைக்கு அடிக்கடி போகிற வண்டி.
– வாசகர், பொள்ளாச்சி

வீல் சிலிண்டர் என்பது பின்சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூக்களைத் தள்ளும் பாகம். அதன் உடம்பிலேயே துளை அளவு வார்த்திருக்கும், மில்லிமீட்டரிலோ அங்குலப் பின்னத்திலோ. 5/8 என்றால் 15.87 மி.மீ., 11/16 என்றால் 17.46, 3/4 என்றால் 19.05. அழிந்திருந்தால் பிஸ்டனை எடுத்து அளங்கள். “கொஞ்சம் பெரிசு போட்டா நல்லாப் புடிக்கும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரிய துளை பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் விசை கொடுக்கும், பெடலும் இறங்கும். வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மழை ஈரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் வால் சுற்றிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

டிரம் கழலாவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, டிரம்மில் மரை ஓட்டைகள் இருந்தால் அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள், தானே நெம்பி வரும். உள்ளே ‘மேக்ஸ்’ அளவு பொறித்திருக்கும்; டிரம் அதைத் தாண்டியிருந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை. எண்ணெய் நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண்வேலை. நான்கு ஷூவையும் மாற்றுங்கள்.

டாட் 3 பிரேக் எண்ணெய் இருக்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாமா?
– வாசகர், காங்கேயம்

ஊற்றலாம், இரண்டும் கிளைகால் வகை. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. டாட் 5 சிலிகான், அதைக் கலக்காதீர்கள். மூடியைத் திறந்து வைத்த டப்பா காற்றில் உள்ள ஈரத்தை இழுத்திருக்கும். மிச்சம் வைத்த பழைய எண்ணெயை ஊற்ற வேண்டாம்.