மூன்றாண்டு சட்டப் படிப்பை எப்படித் திட்டமிடுவது?

பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர்ந்திருக்கிறீர்கள், வீட்டில் வழக்கறிஞர் யாரும் இல்லை, ஊர் நீதிமன்றத்திலேயே தொழில் செய்ய ஆசை, மூன்று ஆண்டுகளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி வந்தவன். 2015 இல் சேர்ந்தேன். 2018 முதல் மாவட்ட நீதிமன்றத்தில் பெரும்பாலும் சிவில் வழக்குகள் நடத்துகிறேன்.

எந்தச் செமஸ்டரில் எந்தப் பாடம் என்பதைப் பல்கலைக்கழகமே அடுக்கிக் கொடுத்துவிடும். அதில் நீங்கள் செய்ய அதிகம் இல்லை. ஆனால் முதலாண்டிலேயே ஒரு சீனியர் வழக்கறிஞரிடம் போய், ஒரு சிவில் கட்டையும் ஒரு கிரிமினல் கட்டையும் (ஒரு வழக்கின் ஆவணங்கள் மொத்தமும்) படிக்க அனுமதி கேளுங்கள். மூன்று ஆண்டும் வரும் பாடங்களை அந்தக் கட்டுகளில் வைத்துப் படியுங்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு பாகப்பிரிவினைக் கட்டு. இரண்டாமாண்டு விடுமுறையில் சீனியர் அதை மேசையில் வைத்து, "சொத்து விவரத்தை மட்டும் வாய்விட்டுப் படி" என்றார். சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள். படித்து முடித்ததும், கூடவே இருந்த கிரயப் பத்திரத்தைக் கொடுத்து அதையும் படிக்கச் சொன்னார். வழக்குரையில், அதாவது வாதி வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்யும் மனுவில், கிழக்கு எல்லையாக இருந்தது பத்திரத்தில் மேற்கு எல்லையாக இருந்தது. உடனே வழக்குரையைத் திருத்த மனு தயாரானது. அப்படித் திருத்த வழிதரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 17 எனக்கு அன்று மனதில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

அந்தக் கட்டின் கதையைச் சொன்னால் நான் சொல்லவருவது விளங்கும். வாதி ஒரு பெண். தமிழ்நாடு 1989 இல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை தந்தபோது, அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இவருக்குத் திருமணம் நடந்தது 1986 இல். மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்த மத்தியச் சட்டத்திருத்தம் 2005 இல் வந்தது, ஆனால் அப்பா 2001 இலேயே இறந்துவிட்டார். அம்மா அதற்கும் முன்பே இல்லை. உடன்பிறந்தவர் ஓர் அண்ணன் மட்டும். திருத்தம் அமலுக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 இல் சொல்லியிருந்ததால், விசாரணை நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு நான்கில் ஒரு பங்குதான் கொடுத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு வந்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை. அந்தப் பெண்ணின் பங்கு சொத்தில் பாதியாயிற்று. கால் பங்கு எப்படி அரைப் பங்கானது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றிய 6ஆம் பிரிவு, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்தைப் பற்றிய 8ஆம் பிரிவு இரண்டும் உங்கள் கைக்கு வந்துவிடும். நீதிமன்றக் கட்டணம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, சொத்தைப் பிரித்துக் காட்ட ஆணையர் நியமனம், பிரிவினையை முடித்துவைக்கும் இறுதித் தீர்ப்பாணை எல்லாமே அந்த ஒரே கட்டில் இருந்தன.

கிரிமினல் பக்கம் இப்போது இரட்டை வேலை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்கள் நடப்பில் இருந்தாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். பழைய எண்ணில் 420 என்று குமாஸ்தா சொல்வதும் 318(4) என்று புதிய முதல் தகவல் அறிக்கை சொல்வதும் ஒரே மோசடிதான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படியுங்கள். வழிகாட்டி நூல்களை நம்பி இருக்காதீர்கள். முதலில் சட்டத்தின் மூல வாசகத்தைப் படியுங்கள்.

நாட்கணக்கு ஒன்று மட்டும் கவனம். மூன்றாண்டுப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சில் விதிப்படி குறைந்தது 12 வாரப் பயிற்சி வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. ஆகவே ஆண்டுக்கு 4 வாரம் என்று இப்போதே குறித்துவையுங்கள். கடைசி ஆண்டுக்கு எல்லாவற்றையும் தள்ளி, தேர்வையும் பயிற்சியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையாவது, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சிக்கு இருங்கள். மனு எழுதத் தெரியாத மனிதர்கள் தங்கள் கதையை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

மாதிரி நீதிமன்றப் பாடத்தில் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைக் கவனித்து எழுத 30 மதிப்பெண் உண்டு. பலர் மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். கிரிமினல் விசாரணையை நானும் அப்படித்தான் எழுதினேன். முதல் முறை குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றபோது, சாட்சியிடம் எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். என் கட்சிக்காரர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

படிப்புக்குப் பிறகு வருவதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. பணத்துக்காகப் பயப்பட வேண்டாம். பிறகு, தொழில் நடத்தத் தேர்ச்சி பெறவேண்டிய அகில இந்திய பார் தேர்வு. நீதிபதி ஆக எண்ணமிருந்தால், 2025 மே 20 தீர்ப்புக்குப் பிறகு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம். உரிமையியல் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. கீழமை நீதிமன்றத்தில் வாக்குமூலம் தமிழில், மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஆங்கிலத்தில். வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, சங்கதிகளையும் எழுவினாக்களையும் (நீதிமன்றம் முடிவு செய்யவேண்டிய கேள்விகள்) முடிவையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பழகுங்கள்.

வகுப்பில்லாத முதல் வேலைநாளில் காலை பத்தரை மணிக்கு உங்கள் ஊர் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வழக்குகளை அழைக்கும்போது எண்ணையும் அன்று என்ன நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வழக்குகளுக்கு வாய்தாதான் இருக்கும். எதற்காக வாய்தா கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.