முதுகு நரம்பா, மூளை பேஸ்மேக்கரா, ஏர்வாடியா? மண்டபத்துலேருந்து ஒரு கடிதம்

அக்கா, வணக்கம். பிள்ளைங்களுக்கு வர்ற அசைவுக் கோளாறு, அதுக்கு ஆபரேஷன் பண்ற நியூரோசர்ஜன்கள் பத்தி நீங்க எழுதினதப் படிச்சேன். எங்களுக்கு மண்டபம். மகனுக்கு ஏழு வயசு, குறைமாசத்துல பொறந்தவன். நல்லாப் படிக்கிறான், கை பரவால்ல, கால் ரெண்டும்தான் விறைச்சு நுனிக்கால்லயே நடக்குறான், முட்டி இடிச்சுக்குது. மதுரைல ஒரு டாக்டர் முதுகுல நரம்ப வெட்டுற ஆபரேஷன் இருக்குன்னார். நரம்ப வெட்டினா கால் செத்துப் போயிடாதா? துபாய்ல இருக்க அண்ணன் மூளைல பேஸ்மேக்கர் வைக்கிற வீடியோவா அனுப்புது. மாமியார் ஏர்வாடில போய்த் தங்குங்கிறாங்க. யார் பேச்சக் கேக்க? பேர் போடாதீங்க.

அன்புத் தங்கச்சிக்கு,

மொதல்ல உங்க பயத்துக்கு வர்றேன். கால அசைக்கச் சொல்ற நரம்பு வேற, காலுலேருந்து சேதி கொண்டு போற நரம்பு வேற. அந்த ஆபரேஷன்ல தொடுறது ரெண்டாவத மட்டும்தான், அதுலயும் ஒரு பங்க. பேரு ரைசாட்டமி. பிள்ளை மயக்கத்துல இருக்கும்போது அந்த நரம்ப மெல்லிசு மெல்லிசா இழை பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் லேசா கரண்ட் விட்டு, கால் தசை எப்படி இழுக்குதுன்னு பாத்து, அளவுக்கு மீறி இழுக்க வைக்கிற இழைய மட்டும் வெட்டுவாங்க. 1980கள்ல கேப் டவுன்ல வார்விக் பீக்காக்குங்கிற சர்ஜன் இத பிள்ளைங்களுக்கு நிறைய செஞ்சு பரவலாக்கினார், அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல டி.எஸ்.பார்க் 1987லேருந்து செஞ்சவர். புதுசா யாரோ பரிசோதனை பண்ணிப் பாக்குற விஷயம் இல்லம்மா.

ஆனா நான் முக்கியமா சொல்ல வர்றது வேற. எந்த ஆபரேஷன்னு கேக்குறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு இருக்கறது வெறும் விறைப்பா, இல்ல முறுக்கானு தெரிஞ்சாகணும். விறைப்புன்னா ஸ்பாஸ்டிசிட்டி, முறுக்குன்னா டிஸ்டோனியா. ரைசாட்டமி விறைப்புக்குத்தான், டிஸ்டோனியாவ அது சரி பண்ணாது, அதையும் தெரியாம வெட்டிட்டா வெட்டின நரம்ப ஒட்ட வைக்க முடியாது. உங்க அண்ணன் அனுப்புற பேஸ்மேக்கர், அதான் மூளைக்குள்ள மெல்லிசுக் கம்பி வச்சு லேசா கரண்ட் குடுக்குற டிபிஎஸ், அது அப்படியே தலைகீழ், டிஸ்டோனியாவுக்குத்தான். அமெரிக்கால 2003லயே ஏழு வயசும் அதுக்கு மேலயும் உள்ள டிஸ்டோனியா பிள்ளைங்களுக்கு அனுமதி கொடுத்துட்டாங்க, டிஒய்டி1னு ஒரு மரபணுக் கோளாறுல வர்ற டிஸ்டோனியாவுக்கு ரொம்ப நல்லா கேக்குது, பொறந்தப்ப மூளை அடிபட்டதால வர்றதுக்கு அந்தளவு கேக்காது. அந்த வீடியோல ஓடுற பிள்ளையும் உங்க மகனும் ஒண்ணில்ல.

சென்னைல ஒரு டாக்டர் இத பாத்துப் பிரிக்கிறத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஸ்கேன் கவரத் தொடவே இல்ல. தரைல பிள்ளையோட உக்காந்து பாதத்தப் பிடிச்சு மெதுவா மேல மடக்குனார், மடங்குச்சு. அப்புறம் வெடுக்குனு மடக்குனார், பாதியில பிடிச்சு நின்னுச்சு. வேகத்துக்குத் தக்கன இழுக்குதுன்னா அது விறைப்பு. அடுத்து தன்னோட சாவிக்கொத்த நீட்டி, எட்டி எடுடா தம்பின்னு சொல்லிட்டு கையப் பாக்கல, காலையே பாத்துக்கிட்டிருந்தார். கை நீளும்போது சம்பந்தமே இல்லாம கால்விரல் முறுக்கிச்சுன்னா டிஸ்டோனியா கலந்திருக்குன்னு அர்த்தமாம். இந்தக் கண்ணு இருக்க டாக்டர்ட்டதான் பிள்ளையக் காட்டணும், கத்தி பிடிக்கிற கை அதுக்கப்புறம்தான். அமெரிக்காவுக்கெல்லாம் ஏங்க வேணாம், நம்ம சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரில டாக்டர் ராமமூர்த்தி, டாக்டர் கனகா இவங்கல்லாம் எத்தனையோ வருஷம் முன்னாடியே அசைவுக் கோளாறுக்கு மூளைல ஸ்டீரியோடாக்டிக், அதாவது இடத்த அளந்து குறி வச்சு பண்ற ஆபரேஷன் பண்ணவங்க.

நீங்க எழுதினத வச்சு எனக்குத் தோணுறது, குறைமாசம், கை நல்லா இருக்கு, கால்தான் விறைப்பு, இது மூணும் சேந்து வந்தா பெரும்பாலும் ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா, அதாவது முக்கியமா ரெண்டு காலும் விறைக்கிற மூளை வாதம். குறைமாசப் பிள்ளைக்கு மூளைக்குள்ள நீர் அறைய ஒட்டின இடம்தான் மொதல்ல அடிபடும், காலுக்குப் போற இழை அதுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது. ரைசாட்டமிக்கு நல்லாப் பொருந்துறது இந்த மாதிரிப் பிள்ளைங்கதான், வயசும் சரியான வயசு. ஆனா நான் டாக்டர் இல்ல, கூட டிஸ்டோனியா இருக்கானு நேர்ல பாத்தவங்கதான் சொல்லணும்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடுறேன். ஆபரேஷன் முடிஞ்சதும் பிள்ளை நடந்துடாது. இத்தன நாள் விறைப்ப வச்சே நின்ன கால், விறைப்பு போனதும் தொவண்டுடும், அப்பத்தான் உள்ள இருந்த பலவீனம் தெரியும், மாசக்கணக்குல தினம் பிசியோதெரபி இருந்தாத்தான் பலன். அதுக்கு யார் கூட்டிட்டுப் போறது, கடலுக்குப் போற வீட்டுல யார் கூட இருக்கறதுன்னு மொதல்லயே பேசி வைங்க. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரில குழந்தைகளுக்கான ஆரம்பகட்டத் தலையீட்டு மையம்னு கேட்டுப் போங்க, பதினெட்டு வயசு வரைக்கும் பாப்பாங்க, பைசா கிடையாது. விறைப்பக் குறைக்கிற மருந்த முதுகுத்தண்டுக்கு அனுப்ப வயித்துல வைக்கிற பேக்லோஃபென் பம்ப் பத்தியும் யாராவது சொல்லுவாங்க, அதுல சில மாசத்துக்கு ஒருக்கா மருந்து நிரப்பியே ஆகணும், திடீர்னு நின்னுபோனா உசுருக்கே ஆபத்து, மண்டபத்துலேருந்து ஒவ்வொரு தடவையும் ரயிலேறி ஓடணும்னா நல்லா யோசிங்க.

இத படிக்கிற மத்த அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. காலைல நல்லா இருக்க பிள்ளை சாயங்காலம் ஆக ஆகக் கால் முறுக்கி விழுதுன்னா டாக்டர்ட்ட லெவோடோபாங்கிற மாத்திரை குடுத்துப் பாக்கலாமான்னு கேளுங்க. செகாவா நோய்னு ஒண்ணு இருக்கு, அத சிபி, அதாவது மூளை வாதம்னு முத்திரை குத்திடுவாங்க, ஆனா கொஞ்சூண்டு மாத்திரையில பிள்ளை எழுந்து நடக்கும். கத்தியே வேணாம்.

ஏர்வாடிக்கு மாமியாரோட போயிட்டு வாங்க தங்கச்சி, அவங்க மனசும் இந்தப் பிள்ளைக்காகத்தான் அடிச்சுக்குது. துவா ஒரு பக்கம் நடக்கட்டும், ஆனா தங்கறேன்னு மாசக்கணக்கா உக்காந்துடாதீங்க, வளர்ற வயசுல தசை சுருங்கிட்டே போகும், தொடை எலும்பும் இடுப்பு மூட்டுலேருந்து மெல்ல நகரும், வலிக்கிற வரைக்கும் வெளிய தெரியாது. அதனால இந்த மாசமே இடுப்பு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடுங்க. அவன் நடக்குறது, சாப்பிடுறது, தூங்குறது எல்லாத்தையும் செல்போன்ல வீடியோ எடுத்து வைங்க, ஓபில புதுசா ஒருத்தரப் பாத்தா பிள்ளை மிரண்டு விறைச்சுக்கும், வீட்டுல இருக்கறபடி டாக்டருக்குத் தெரியாது. எக்ஸ்ரேல என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.