ஊசி குத்தினால் மூக்குக் குழாயை எடுத்துவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் புரையேறுகிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அக்குபஞ்சர் செய்தால் குழாயே தேவைப்படாது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அக்குபஞ்சர் செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பிக் குழாயை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் உறவினர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. தாடைக்குக் கீழே, பிடரியில், சில சமயம் நாக்கிலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, தேவைப்பட்டால் லேசான மின்சாரமும் கொடுப்பார்கள். 2018இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் விழுங்கும் சிக்கல் நீடித்தவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும், மற்ற சிகிச்சையோடு சேர்த்து இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. கவனியுங்கள், 'சேர்த்து'. அப்புறம் இன்னொன்று, பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு முதல் சில வாரங்களில் விழுங்கும் திறன் தானாகவே திரும்பிவிடும், அந்த நேரத்தில் ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும்!

முக்கிய வேலை, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டுடையது. நாக்கு, தொண்டைப் பயிற்சிகள், தாடையைத் தாழ்த்தி விழுங்குவது, தண்ணீரைக் கெட்டியாக்கித் தருவது எல்லாம் அவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். குழாயை எடுக்கலாமா என்பதை எக்ஸ்ரே வீடியோ அல்லது எண்டோஸ்கோப்பி மூலம் விழுங்குவதைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. "இப்போது இருமலே வருவதில்லை, குணமாகிவிட்டது" என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதுதான் எனக்குப் பயம். பக்கவாதம் வந்த சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது, நேரே நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். குழாய் இருக்கும்போதும் தினமும் வாயைச் சுத்தம் செய்யுங்கள், ஏனென்றால் எச்சிலோடு கிருமிகளும் உள்ளே இறங்கும்.

ஊசிக்குப் போகுமுன் அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதை அக்குபஞ்சர் செய்பவருக்கும் தெரிவிக்க வேண்டும். கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, அதனால் முறையாகப் பயின்றவராக இருக்கட்டும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியாகவும் இருக்கட்டும். காய்ச்சல், மூச்சிரைப்பு, விழுங்கியபின் குரல் கரகரப்பது, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.