கொலை முயற்சி வழக்கில் தண்டனை எவ்வளவு? வெட்டுப்பட்டவருக்குப் பணம் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சித்தப்பாவை வேலித் தகராறில் ஒருவர் கவாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார். இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோனது. கோவைக்கு இறக்கிக் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். ஆனால் கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டுமே! கூலி கிலோக் கணக்கு. இன்றும் பையை முழங்கையில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் கிள்ளுகிறார். முன்பு பறித்ததில் பாதிகூட வருவதில்லை.

வழக்கு நடக்கும்போதே, பணத்தை வாங்கிக்கொண்டு ராசியாகப் போகச் சொல்லி ஊரில் நெருக்கினார்கள். கொலை முயற்சிக்கான பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307; அது அப்படி முடித்துக்கொள்ளும் பிரிவு அல்ல. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.

தண்டனை 10 ஆண்டு வரை, அபராதமும் உண்டு. காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவு.

சரி, பணம். எங்கள் வழக்கில் அபராதம் 10,000 ரூபாய் என்றதும் சித்தி அது நமக்கு வரும் என்று நினைத்துவிட்டார். அபராதம் அரசுக்குப் போவது. அதில் இவ்வளவு பாதிக்கப்பட்டவருக்கு என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினால்தான் நமக்கு. அதுவும் எதிராளி மேல்முறையீடு போனால் அது முடியும்வரை கைக்கு வராது.

அது போதாது என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396, இருக்கிறது. நீதிபதி பரிந்துரைப்பார், தொகையை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும், பணத்தை அரசு கொடுக்கும். வெட்டியவர் யாரென்றே தெரியாவிட்டால் நேரே ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். எங்களுக்கு இதைச் சொன்னவர் இலவச சட்ட உதவி வக்கீல். தண்டனை பற்றிக் கேட்கும் நாளிலேயே மனுவை நீட்டினார். இழப்பீடு பற்றி யோசித்துக் காரணம் எழுத வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக் காட்டினார். பரிந்துரை கிடைத்தது.

அப்புறம், பில்கள். சித்தி எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்று பனிக்காலம் போனதில் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மருந்துக்கடை ரசீதுகளில் எழுத்தே இல்லை. அந்தச் செலவை எங்களால் காட்ட முடியவில்லை. இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். தீர்ப்பில் வந்த இழப்பீடு குறைவு என்று தோன்றினால், அதற்காக மட்டுமே, தண்டனையை எதிர்த்து வழக்கமாக மேல்முறையீடு போகும் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது.