மாத்திரை போட்டால் குடிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் குடிப்பார். போன மாதம் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். 'புரோபயாட்டிக் மாத்திரை போட்டுக்கொண்டால் லிவருக்கு ஒன்றும் ஆகாது' என்று யாரோ நண்பர் சொல்ல, அதை வாங்கி வைத்துக்கொண்டு குடியைத் தொடர்கிறார். அது உண்மையா? தயிர், மோர் கொடுத்தால் உதவுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, அந்த நண்பர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

குடலுக்கும் கல்லீரலுக்கும் தொடர்பு இருப்பது நிஜம். மது குடலின் உட்சுவரைத் தளர்த்திவிடும், அந்த இடுக்கு வழியாகக் குடல் கிருமிகளின் மேலுறைத் துண்டுகள் (எண்டோடாக்சின் என்பார்கள்) ரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும், அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதைப் பார்த்துக் கொதித்தெழ, கல்லீரலே புண்ணாகும். நல்ல கிருமிகளைக் (புரோபயாட்டிக் என்பது இவைதான்) கொடுத்தால் இந்தக் கசிவு குறையலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. 1994-இல் எலிகளுக்கு மதுவோடு லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமியைக் கொடுத்துப் பார்த்ததில் பாதிப்பு குறைந்தது. 2008-இல் வெளிவந்த ரஷ்ய ஆய்வில், குடியால் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட 66 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் இந்தக் கிருமிகளைக் கொடுத்தார்கள், அவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பை ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் என்சைம்கள் மற்றவர்களைவிட நன்றாக இறங்கின.

ஆனால் கவனியுங்கள், அந்த 66 பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், அந்த ஐந்து நாளும் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்கள்! குடித்துக்கொண்டே மாத்திரை போட்டவர்களின் கல்லீரல் தப்பித்தது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு அங்கேயே, அந்த செல்லிலேயே தாக்குகிறது. குடலில் இருக்கும் கிருமி அதைத் தடுக்க முடியாது. மாத்திரையை நம்பி அவர் குடியைத் தொடர்ந்தால் அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தயிர், மோர் தாராளமாகக் கொடுங்கள், பழைய சோறும் நல்லதுதான், ஆனால் மருந்தென்று நினைக்காதீர்கள். (இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்தபின் அதில் உயிருள்ள கிருமி இருக்காது.)

உங்கள் கையில் இருக்கும் நல்ல செய்தி வேறு: கொழுப்பு மட்டும் படிந்திருக்கும் கட்டத்தில் குடியை அடியோடு விட்டால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே கல்லீரல் தேறத் தொடங்கும். சுருங்கித் தழும்பான பிறகு அந்த வாய்ப்பு அப்படிக் கிடைக்காது.

அதே சமயம், தினமும் குடிப்பவரை 'இன்றோடு நிறுத்து' என்று வீட்டில் பூட்டி வைத்துவிடாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும், சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாளில் இல்லாததை இருப்பதாகப் பார்க்கும் மனக்குழப்பமும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும், வைட்டமின் பி1-ம் அவர் சொல்லித் தருவார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், அவர் வர மறுத்தால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் முதலில் நீங்கள் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.