ஹுமாயூன் சமாதி: வாசகர் கேள்வி – பதில்

கே: தில்லி ஹுமாயூன் சமாதியைக் கட்டியது மகன் அக்பரா, மனைவியா? (ஈரோடு வாசகர்)

ப: முன்னின்று கட்டுவித்தவர் மூத்த மனைவி பேகா பேகம் என்பதே வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆனால் அக்பரின் ஆதரவில்லாமல் இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்காது. ஹுமாயூன் 1556 ஜனவரியில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். கட்டட வேலையோ 1560களில்தான் தொடங்கியது. வடிவமைத்தவர் மீரக் மிர்சா கியாஸ். அவர் காலமான பிறகு மகன் சையது முகமது முடித்தார்.

கே: வெளியிலிருந்து பார்த்தால் குவிமாடம் அவ்வளவு உயரம், உள்ளே போனால் கூரை தாழ்வாக இருக்கிறதே? (கோவை வாசகி)

ப: அங்கே இருப்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குவிமாடங்கள். உள் ஓடு, கூடத்தின் அகலத்துக்குப் பொருந்தும் உயரத்தில் முடிந்துவிடும். வெளி ஓடு, கழுத்து எனப்படும் உயரமான வட்டச் சுவரின் மேல் எழும்பி வெள்ளைச் சலவைக்கல் போர்த்தி நிற்கும். நடுவில் வெற்றிடம். ஒற்றை ஓடாகக் கட்டினால் சிக்கல்: தூரத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று உயர்த்தினால், உள்ளே நிற்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கும். தாழ்த்தினால், முகப்பு வளைவே குவிமாடத்தை மறைத்துவிடும். முகலாயரின் முன்னோரான தைமூர் வம்சத்தார் மத்திய ஆசியாவின் சமர்கந்தில் கையாண்ட உத்தி இது. தாஜ்மகாலிலும் இதே முறைதான்.

கே: சீரமைப்பில் கூரையிலிருந்த சிமென்ட்டை வெட்டி எடுத்தார்களாமே! சுண்ணாம்பைவிட சிமென்ட் உறுதிதானே? (மதுரை வாசகர்)

ப: உறுதிதான், ஆனால் இடம் தவறு. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிட்டுவிடும். மேலே சிமென்ட் போட்டால் அந்த வழி அடைபடும். சிமென்ட்டில் மயிரிழை விரிசல் விழாமல் இருக்காது. மழைநீர் அதன் வழியே இறங்கும், திரும்ப ஏறாது. தேங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு உட்கூரைப் பக்கம் வரும். காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சை உப்பித் தள்ள, பொருக்குப் பொருக்காக உதிரும். ஒழுகுகிறதே என்று இன்னொரு அடுக்கு சிமென்ட் போட்டால் எடையும் கூடும், ஈரமும் கூடும். இப்படி 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது, கூரையில் மட்டும் சுமார் 10 லட்சம் கிலோ! தொல்லியல் துறையும் ஆகா கான் அறக்கட்டளையும் சேர்ந்து, பழைய கட்டுமானம் அதிராதபடி அதைக் கையாலேயே வெட்டி எடுத்துவிட்டு, வடிகால் பக்கம் சரிவு வைத்துச் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டார்கள். அந்தக் காலக் காரையில் செங்கல் தூளோடு வெல்லம், வில்வப்பழக் கூழ், உளுந்து எல்லாம் சேரும். நம் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பதும் இந்த ரகம்தான். சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீட்டுக்காரர்களே, சிமென்ட் பூச வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: நடுக்கூடத்துச் சலவைக்கல் மேடைதான் நிஜக் கல்லறையா? (நாகர்கோவில் வாசகர்)

ப: அது அடையாளம் மட்டுமே. உடல் இருப்பது நேர் கீழே, நிலவறையில். வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. பலவற்றில் பெயர் இல்லை. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோவையும் இங்கேதான் புதைத்தார்கள், எது அவருடையது என்பதில் இன்னும் சர்ச்சை.

கே: தோட்டக் கால்வாயில் தண்ணீர் ஓடுவதே தெரியவில்லையே? (சேலம் வாசகி)

ப: சரிவு அவ்வளவு குறைவு. 2003இல் முடிந்த சீரமைப்பில் 40 மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் வரும்படி மட்டம் பிடித்துக் கற்களைத் திரும்பப் பதித்தார்கள். ஒரு கல் கொஞ்சம் தூக்கி நின்றாலும் அதற்கு முன்னால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.