சார்ட்டைக் கிழிக்க வேண்டாம், கயிற்றை அவிழுங்கள்

குடியாத்தம் பக்கத்தில் உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார். வகுப்பறைச் சுவரெல்லாம் சார்ட், குறுக்கே கட்டிய கயிறுகளில் எழுத்து அட்டைகள், மூலையில் தெர்மாகோலில் செய்த வேலூர்க் கோட்டை. தீயணைப்புச் சான்று புதுப்பிக்கும் நேரமாம். "ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு" என்று ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள், இல்லையென்றால் என்னிடம் உள்ள தீப்பிடிக்காத மருந்தை அடித்துக்கொள்ளுங்கள், அறைக்கு இரண்டு தீயணைப்பு சிலிண்டரும் வாங்கியாக வேண்டும் என்கிறாராம். என்ன செய்வது?

முதலில் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள், டீச்சர். விண்ணப்பத்தைத் தீயணைப்புத் துறையின் இணையதளத்திலேயே போடலாம், சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். இடையில் ஒருவர் எதற்கு? தீயைக் கட்டுப்படுத்தும் மருந்து என்று ஒன்று இல்லாமல் இல்லை, ஆனால் அது துணி, மரம், காகிதம் மாதிரி ஊறும் பொருளில்தான் வேலை செய்யும். லேமினேஷன் போட்ட சார்ட்டிலும் பிளக்ஸிலும் தெர்மாகோலிலும் அடித்தால் வழிந்து தரைக்குத்தான் போகும், காசும் கூடவே. சிலிண்டர் விஷயத்தில் இன்னும் மோசம். பழைய சிலிண்டரை எடுத்துப் போய்த் துடைத்து, புதுத் தேதி போட்ட ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிக் கொண்டுவந்து "ரீஃபில்" என்று பில் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் கண்ணெதிரே திறந்து பவுடரை மாற்றச் சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். எத்தனை வேண்டும், எங்கே மாட்ட வேண்டும் என்பதை ஆய்வுக்கு வரும் அலுவலர் சொல்லட்டும், விற்கிறவர் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சுவருக்கு வருவோம். நாலு பக்கமும் சுவரோடு ஒட்டிய சார்ட்டுக்குப் பின்னால் காற்று போகாது, அதனால் மெதுவாகத்தான் எரியும். மேலே இரண்டு மூலையில் மட்டும் டேப் போட்டு, கீழே ஃபேன் காற்றில் படபடக்க விட்டால் இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளும். தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் விரலைச் சுடுகிற மாதிரிதான், தீ எப்போதும் மேல்நோக்கி வேகமாக ஏறும், தீப்பெட்டி ஊர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட மோசம் அந்தக் கயிறு. ஒரு சுவரில் பிடித்த தீயைப் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய்விடும். முதலில் அதை அவிழுங்கள். தெர்மாகோல் கோட்டை அன்றைக்கே வெளியே போகட்டும், அது எரியும்போது உருகிச் சொட்டும், கரும்புகை அறையை மூடிவிடும். சுவிட்ச் போர்டைச் சுற்றி இரண்டடிக்கு எதுவும் வேண்டாம்.

எவ்வளவு ஒட்டலாம்? அமெரிக்காவில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் வசதி இல்லாத பள்ளிகளுக்குச் சுவர்ப் பரப்பில் 20 சதவீதம்தான் என்று ஒரு விதிமுறை இருக்கிறது. நம் ஊர் ஆய்வில் இந்தக் கணக்கைக் கேட்கப் போவதில்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர் என்றால் முழுச் சார்ட் ஒன்பதுதான் வரும். பாடம் முடிந்ததை இறக்கிவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள்.

கதவு, வராண்டா, மாடிப்படி இந்த மூன்றிலும் எதுவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு, கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை. அதுவும் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும், மூடியே இருக்க வேண்டும், உள்ளே விளக்கு இருக்கக் கூடாது, பலகை துருத்திக்கொண்டு வழியைக் குறுக்கக் கூடாது, மாடிப்படியில் அதுவும் வேண்டாம். சாவி தொலைந்துவிட்டது என்று திறந்தே கிடக்கும் பலகையை நான் கண்ணாடிப் பலகையாகவே எண்ணமாட்டேன், அது வெறும் காகிதக் குவியல்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது, இறங்க இருந்த படியோ குறுகலானது. அதற்கப்புறம் பள்ளிகளில் கீற்றை எடுக்கச் சொன்னார்கள், நல்லது. இப்போது காங்கிரீட்டுக்குக் கீழே ஜிகினாத் தோரணம் கட்டுகிறோம். தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததிலிருந்து ஒரு துறை வந்து சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்கிறது, இன்னொரு துறை வந்து ஏன் நிறைந்திருக்கிறது என்கிறது. இரண்டு துறையும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் என்ன குறைந்துவிடும்? நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

கடைசியாக ஒன்று. இறக்கிய பழைய சார்ட்டைக் கட்டிக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள், நிறையப் பள்ளிகளில் மீட்டர் பெட்டி அங்கேதான் இருக்கிறது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள். தெர்மாகோலை அவர் எடுக்கமாட்டார், அதை நகராட்சி வண்டியில்தான் போட வேண்டும், பள்ளி வளாகத்தில் கொளுத்தக் கூடாது.